தகரக் கூரையின் கீழ் கிட்டார்: நோர்வூட்டில் ஒரு பாட்டு பிடித்துப்போவதற்கான புறக்காரணிகள்

ஒரு பாட்டு ஒருவருக்கு ஏன் பிடிக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் யாவும் கேட்பவரின் உள்ளத்தைச் சுற்றியே வருகின்றன. காதல் தோல்வி என்பார்கள், பதின்வயது என்பார்கள், கூடப்படித்தவனின் பிரிவு என்பார்கள். கூரையைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நுவரெலியா மாவட்டம் நோர்வூட் வட்டாரத்தில் இண்டி (சுயாதீன) ரொக் என்னும் இசைவகையைக் கேட்கும் ஒருவருக்கு இன்ன பாட்டு பிடிக்கும், இன்னது பிடிக்காது என்பதை அவரது மனம் தீர்மானிப்பதில்லை. கூரைத் தகரம், எதிர்மலை, மின்சார சபை, பஸ் சாரதி ஆகிய நான்கும் கூடித் தீர்மானிக்கின்றன. மனம் பிற்பாடு வந்து கையெழுத்து வைக்கிறது.

இத்துறையில் முன்னோடி ஆய்வு எதுவும் கண்ணில் படவில்லை. ஆகையால் இதுவே முன்னோடி ஆய்வு. நோர்வூட்டில் இண்டி ரொக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று கிண்டலாகக் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் தொகை குறையக் குறையத் தரம் கூடும் என்பது இவ்விசையின் அடிப்படை விதி. அந்த அளவுகோலின்படி நோர்வூட் உலகின் தலைசிறந்த இண்டி நகரங்களில் ஒன்று.

ஆய்வுப் பரப்பு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட் சந்தியில் இரண்டாகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கு. சந்தியைச் சுற்றி டவுன், டவுனைச் சுற்றித் தேயிலை, தேயிலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம். பக்கத்தில் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ நீர்த்தேக்கம். லண்டனின் தென்பகுதியிலும் ஒரு நோர்வூட் இருக்கிறது. அங்கிருந்து எத்தனை கிட்டார்க்காரர்கள் கிளம்பினார்கள் என்பதை இவ்வாய்வு வேண்டுமென்றே விசாரிக்கவில்லை. ஊர்ப்பற்று நடுநிலையைக் கெடுக்கும்.

தோட்டங்களுக்குத் துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்களும் இண்டி ரொக் குழுக்களின் பெயர்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பது முதற் கண்டுபிடிப்பு. வென்ச்சர், ஸ்லோடைவ், கெம்பியன், பேவ்மென்ட், லெதண்டி, பிக்ஸீஸ், கிளவர்ட்டன், லஷ் என்ற பட்டியலைக் கொடுத்து, இவற்றில் தோட்டம் எது, இசைக்குழு எது என்று பிரித்துத் தரும்படி ஹட்டனில் கணக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைக் கேட்டோம். நிதானமாக வாசித்துவிட்டு, ஸ்லோடைவில் இந்த வருஷம் கொழுந்து குறைவென்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அது இசைக்குழு.

கொம்பனி, ஃபெக்டரி, பூனை

1977 ஜனவரியில் மன்செஸ்டரில் பஸ்கொக்ஸ் என்ற குழு 500 பவுண் கடன் வாங்கி, 'ஸ்பைரல் ஸ்க்ராச்' என்ற நான்கு பாட்டு இசைத்தட்டைத் தானே போட்டு வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1000 பிரதி. பெரிய கொம்பனியின் தயவு இல்லாமலும் தட்டு போடலாம் என்று மற்றப் பையன்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். 1980 தொடக்கத்தில் பிரிட்டனில் இத்தகைய தட்டுகளுக்கென்றே தனித் தரவரிசை வந்தது. அதில் இடம்பெற இசை எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கிடையாது. தட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய கொம்பனியின் விநியோகமா, இல்லையா என்பது ஒன்றே கேள்வி. வாத்தியம் எதுவானாலும் சரி, லொறி யாருடையது? தேயிலை வியாபாரம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியின் ஆழத்தை உடனே உணர்வார்கள்.

நம் பக்கத்து வரலாற்றில் கொம்பனி என்பது மழையைவிட நிச்சயமானது. வெள்ளைக்காரக் கொம்பனி இருந்தது. 1972, 1975 நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. 1992இல் மறுபடி கொம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. ஆக, கொம்பனி இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்ற செய்தியே இண்டி ரொக்கில் நோர்வூட்காரருக்கு முதலில் திகைப்பூட்டுவது. கிட்டார் இரண்டாம் பட்சம்.

அதே மன்செஸ்டரில் 1978இல் டோனி வில்சனும் அலன் இராஸ்மஸும் தொடங்கிய கொம்பனிக்கு ஃபெக்டரி என்று பெயர். அதன் புகழ்பெற்ற குழுவுக்கு ஜோய் டிவிஷன் என்று பெயர். தோட்டத்தில் மேல்டிவிசன், கீழ்டிவிசன் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஏதோ மூன்றாவது டிவிசன் என்றே படும். இந்த ஃபெக்டரிக்காரர்கள் கையில் அகப்பட்ட எல்லாவற்றுக்கும் வரிசை இலக்கம் போட்டார்கள். தட்டுக்கு இலக்கம், சுவரொட்டிக்கு இலக்கம். அவர்கள் நடத்திய ஹசியெண்டா கிளப்புக்கு 51, அந்தக் கிளப்பில் வளர்ந்த பூனைக்கு 191. 2007இல் வில்சன் இறந்தபோது அவரது சவப்பெட்டிக்கு 501. நவீன கலையின் சாதனை என்று இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள்.

ஃபெக்டரி, டிவிசன், இலக்கம் மூன்றும் இங்கே நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. லயத்துக்கு இலக்கம், காம்பராவுக்கு இலக்கம், ஆளுக்குச் செக்ரோல் இலக்கம். எந்த அருங்காட்சியகமும் எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பூனைக்கு மட்டுந்தான் இங்கே இலக்கம் போடவில்லை. காலைப் பெரட்டுக்கு வரவேண்டியதில்லை, பேர் பதியவேண்டியதில்லை, ஃபெக்டரிக்குள் நினைத்த நேரம் போய்வரும். தோட்டத்தில் முழுமையான இண்டி நிலையை எய்திய ஒரே உயிர் அதுவே என இவ்வாய்வு பதிவு செய்கிறது.

முதற் காரணி: தகரம்

இனி விஷயத்துக்கு வருவோம். லயத்தின் கூரை தகரம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியில் வந்து ஏறினால் செப்டம்பர் வரை இறங்காது. ஹட்டனுக்குக் கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்யும். நோர்வூட்டுக்கு அவ்வளவு பங்கு கிடையாது. பாட்டுக் கேட்பவரைப் பாதிக்கக் கிடைப்பது போதும்.

தகரத்தில் விழும் மழை ஒரு சுரத்தில் ஒலிப்பதில்லை. கீழ்ச்சுரம் முதல் மேற்சுரம் வரை அத்தனையையும் ஒரேயடியாகப் போர்த்தி மூடும் இரைச்சல் அது. கவனித்தால் அதற்குள்ளேயே வேறுபாடுகள் தெரியும். ஆணி தளர்ந்த இடத்தில் ஒரு நடுக்கம். காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல் தூக்கி வைத்த இடத்தில் ஒரு மந்தம். தகரமும் தகரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பில் ஒரு சலசலப்பு. அதன் கீழே போனோ ரேடியோவோ பாடினால் பாட்டில் முதலில் காணாமற் போவது சொல். அடுத்தது தாளம். கடைசிவரை தாக்குப்பிடித்து, மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருப்பது மெட்டின் ஒரு மெல்லிய கோடு மட்டுமே.

இந்த விளைவைத்தான் மை பிளடி வலன்டைன் என்ற குழு 'லவ்லெஸ்' என்ற பெயரில் 1991 நவம்பரில் வெளியிட்டது. கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கி, பாடுகிறவர்களின் சொல்லை அதனடியில் புதைத்து, மெட்டை மட்டும் வெளியே தலை நீட்ட விட்டிருப்பார்கள். இதைச் செய்துமுடிக்க கெவின் ஷீல்ட்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. 19 ஸ்டூடியோக்கள் மாறினார். இரண்டரை இலட்சம் பவுண் செலவாகி கிரியேஷன் கொம்பனியே ஆட்டங் கண்டது என்பார்கள். அந்தத் தொகையை ஷீல்ட்ஸ் மறுத்திருக்கிறார். சரியான தொகை எதுவானால் என்ன, நோர்வூட்டில் அதற்கு ஆகும் செலவு தகரம் ஒன்று, ஜூன் மாதம் ஒன்று.

கருதுகோளைச் சோதிக்க அப்பாயியை உட்படுத்தினோம். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி, இண்டி ரொக்கில் முன்அனுபவம் அற்றவர், காது இன்னும் கூர்மை. வானத்தில் மேகத்துண்டு கூட இல்லாத ஒரு பெப்ரவரிப் பகலில், இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் மேற்படி இசைத்தொகுப்பின் 'சம்டைம்ஸ்' பாட்டை மெதுவாக ஒலிக்கவிட்டோம். அரை நிமிஷம் ஆகியிருக்காது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாமி, வெளிய காயப்போட்ட துணியெல்லாம் எடுத்து உள்ள போடு" என்றார். ஷீல்ட்ஸின் கலைக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை லண்டன் பத்திரிகைகள் எழுதியதாகத் தெரியவில்லை.

எதிர்ச்சோதனையும் நடந்தது. நிஜ மழையில் 'லவ்லெஸ்' கேட்டால் 'லவ்லெஸ்' இல்லாமற் போய்விடுகிறது. எது வானம், எது கிட்டார் என்று பிரிக்க முடிவதில்லை. போனில் பட்டரி தீர்ந்த பின்னரும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இவ்வகைக் குழுக்கள் மேடையில் நின்று, கூட்டத்தை ஏறெடுத்தும் பாராமல், காலடியில் கிடக்கும் மிதிகட்டைகளைக் குனிந்து பார்த்தபடியே வாசிப்பார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர்களைக் கூச்ச சுபாவிகள் என்று கேலி செய்தன. மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் நிற்கிற எவரும் இப்படித்தான் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் கூச்சமல்ல, அட்டை. லண்டன் மேடைகளில் அட்டை உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஒரு கவலையையும் பதிவு செய்யவேண்டும். லயங்களை விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய தனிவீடுகளுக்குக் குடிபோகும் குடும்பங்கள் பெருகுகின்றன. அவற்றின் கூரை ஓடு அல்லது அஸ்பெஸ்டஸ். மழையின் சத்தமே மாறிவிடுகிறது. இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்கு 'லவ்லெஸ்' விளங்காமற் போகும் அபாயம் உண்டு. அதற்காக வீட்டுத் திட்டத்தை நிறுத்திவைக்கும்படி இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை. அந்த வேலையை மற்றவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

எதிர்மலை

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அது தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிட்டு நடுச்சுரங்களை மட்டும் துப்பும். எல். ஆர். ஈஸ்வரி பாடினாலும் தலைவர் பேசினாலும் மூக்கால் வந்ததாகவே இருக்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் கைடட் பை வொய்சஸ் என்ற குழு, வீட்டிலேயே நான்கு தட கசெட் இயந்திரத்தில் பதிந்து 1994இல் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' தொகுப்பை நோர்வூட்காரர் கேட்கும்போது இந்தக் குழாய்தான் ஞாபகத்துக்கு வரும். நல்ல ஸ்டூடியோவில் நன்றாகப் பதியப்பட்ட பாட்டு அதற்குப் பிறகு ஏதோ ஆஸ்பத்திரி வராந்தா வாசம் அடிப்பதாகத் தோன்றும். அந்தக் குழுவின் பாடகர் ரொபர்ட் பொலார்ட் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். மலையகத்தில் பாட்டோ கவிதையோ எழுதாத ஆசிரியரைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் இத்தகவல் இங்கே யாரையும் ஆச்சரியப்படுத்தாது.

குழாயிலிருந்து போன சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பிவருகிறது. சத்தத்தின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர். மலை 340 மீற்றர் தள்ளியிருந்தால் போக ஒரு விநாடி, வர ஒரு விநாடி. அதாவது ஒவ்வொரு வரியையும் கேட்பவர் இரண்டு விநாடி இடைவெளியில் இருமுறை கேட்கிறார். இந்த எதிரொலிக்கென்று பெட்டி செய்து மேல்நாட்டில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் பேசி, மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். எதிர்மலை வழக்கப்படி தன் வேலையைச் செய்திருந்தால் ஜனங்களின் காதில் விழுந்தது மொத்தம் இருபதாயிரம். வாக்குறுதிக்கும் கட்டிமுடித்த கணக்குக்கும் இடையே மலைநாட்டில் எப்போதும் காணப்படும் வேறுபாட்டுக்கு ஒலியியல் அடிப்படையும் இருக்கலாம்.

அணையாத விளக்கும் சாரதியும்

இவ்வாய்வாளருக்குப் பிடித்த பாட்டுகளில் த ஸ்மித்ஸ் குழுவின் 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்' முன்வரிசையில் நிற்பது. 1986இல் வந்த 'த குயீன் இஸ் டெட்' தொகுப்பில் இருக்கிறது. வீட்டுக்குப் போக மனமில்லாத ஒருவன் தனக்குப் பிடித்தவரோடு வண்டியில் போகிறான். அவர் பக்கத்தில் இருக்கும்போது இரட்டைத்தட்டு பஸ் வந்து மோதிச் செத்தாலும் அது பாக்கியமே என்று நினைக்கிறான். ஜொனி மாரின் கிட்டார், வயலின் கூட்டம் கேட்பதாகச் செய்த சேர்க்கை, மொரிசியின் சலிப்புக் குரல் எல்லாம் அருமை. ஆனால் ஹட்டன்–நோர்வூட் வீதியில் ஓடும் பஸ்ஸுக்குள் இருந்து இதைக் கேட்க முடியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால் மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்புகிறது. பாட்டின் நாயகன் ஆசைப்பட்டது எதிரே வந்துகொண்டிருக்கும்போது கவிதையை அனுபவிக்கும் திடம் எல்லோருக்கும் இருக்காது. நடக்கும்போது கேட்கலாம். சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்கலாம்.

தலைப்பிலும் சிக்கல் உண்டு. 2022 மார்ச் கடைசியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம். அணையாத விளக்கைப் பற்றிய பாட்டை அந்த நாட்களில் கேட்பதே ஒருவகை அரசியல் நடவடிக்கை. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது, 50 மெகாவோட். அதே மலைத்தொடரின் லக்ஷபான அதற்கும் முந்தியது. நாட்டுக்கு வெளிச்சம் போன மலைகளிலேயே பல லயங்களுக்கு அது பிந்தித்தான் வந்து சேர்ந்தது. மொரிசி மன்செஸ்டர்க்காரர், அவருக்கு இது தெரிய நியாயமில்லை.

பஸ்ஸில் பாட்டைத் தெரிவு செய்யும் அதிகாரம் சாரதிக்கே உரியது. அவரது தெரிவு இளையராஜா, தேவா, நடுவில் இரண்டு பைலா. 1970களின் துள்ளிசையும் சிலநேரம் வரும். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் கிட்டாரோடு தமிழைச் சேர்த்து இந்தத் தீவுக்குள்ளேயே செய்த சரக்கு. இண்டி ரொக் ரசிகர் இயர்போனை மாட்டிக்கொள்வார். வலது காதில் பிக்ஸீஸ், இடது காதின் கம்பி அறுந்ததால் அந்தப் பக்கம் இளையராஜா. இரண்டும் ஒன்றாகக் கேட்டுப் பழகியபின் பிக்ஸீஸ் பாட்டுகளில் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் வீட்டிலும் தொடர்கிறது. 'வேர் இஸ் மை மைண்ட்?' பாட்டுக்கு ஒரு புல்லாங்குழல் இடை வைத்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். இது சாரதியின் கைவண்ணம், ரசிகரின் ரசனையல்ல.

தீயில் காய்ச்சிய சுருதியும் பேர் இல்லாத பாட்டும்

நியூயோர்க்கின் சொனிக் யூத் குழு கிட்டார் நரம்புகளுக்கிடையே ஸ்குரூடிரைவரைச் செருகி வாசித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் வெவ்வேறு விதமாகச் சுருதி சேர்த்த கிட்டார்களைச் சுமந்து திரிந்தது. 1988இல் வந்த 'டீன் ஏஜ் ரயட்' அந்த உழைப்பின் பலன். தோட்டத்தில் மாசி மாதம் காமன்கூத்துக்கு முன் தப்புக்காரர்கள் வைக்கோலோ சருகோ கொளுத்தி, தோலைத் தீயில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். பனியில் தோல் தொய்ந்தால் மறுபடி தீ. பெரட்டுக்கு ஆளை எழுப்பவும் ஒருகாலத்தில் அதே தப்புதான். ஒரு வாத்தியம், ஒரு தீ, ஒரு கூத்து. ஸ்குரூடிரைவர் வேண்டியிருக்கவில்லை.

தப்பை யார் அடிக்கவேண்டும், யார் தூர நின்று கேட்கவேண்டும் என்று ஊரிலிருந்து கப்பலேறி வந்த சாதிக் கணக்கும் கூடவே வந்தது. அதனால்தான் சென்னையில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் பறையையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு அது வெறும் புதுமையாகப் படவில்லை. அந்தக் குழுவில் பாடகர் அறிவு இருந்தார். 2021 மார்ச் 7 அன்று பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சினிமாவுக்காகச் செய்யாத தமிழ்ப் பாட்டு ஒன்று இவ்வளவு தூரம் போனதை நாம் அதற்குமுன் பார்த்ததில்லை. அதன் வேர் இந்த மலைகளில் இருக்கிறது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை அந்தப் பக்கத்துக்கும் 300,000 பேரை இந்தப் பக்கத்துக்கும் பங்கிட்டது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். புறப்படும்போது ஸ்டேஷனில் அழுதது யார், எந்த மெட்டில் அழுதார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு பேரன் கேட்டு வைத்திருந்தார்.

அந்தப் பாட்டு வந்த அதே மார்ச் தொடக்கத்தில்தான் பல வருஷம் கேட்டுக் கத்திய 1000 ரூபாய் நாட்சம்பளம் இங்கே வர்த்தமானியில் ஏறியது. தற்செயல் என்று விட்டுவிடலாம். ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவு இல்லை. எழுதியவர் யார், மெட்டு யாருடையது என்று ஊரே சண்டை பிடித்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து அந்தப் பாட்டுக்காகத் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்றார். சுயாதீன இசை என்ற பெயரில் வந்ததிலேயே பேரும் காசும் எங்கே நின்றன என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசடியில் தினமும் நடக்கிற பேச்சு.

இதில் இவ்வாய்வாளர் கொஞ்சம் கோபக்காரர். பஸ்கொக்ஸ் பையன்களுக்கு 500 பவுண் கடன் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கொம்பனி வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். மலைக்குள் கங்காணியின் கள்ளக் கணக்கையும் துரையின் குதிரையையும் பாட்டாகக் கட்டியவர்களிடம் எந்தக் கொம்பனியும் வந்து கேட்கவே இல்லை. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவருக்கு வாக்களித்த ஜனங்கள் நாடற்றவர்களானார்கள். அவர் இந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். பாடியவர் பேர் பெரும்பாலும் இல்லை. அதற்கும் முன்னால் கோ. நடேசையரின் மனைவி மீனாட்சியம்மை கணவரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். 1940இல் அவை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று சின்னப் புத்தகமாக வந்தன. மன்செஸ்டருக்கு 37 வருஷம் முந்தி. இண்டி இசையின் பிறப்பிடத்தை ஹட்டன் பக்கத்துக்கு மாற்றி எழுதும்படி உரியவர்களை இவ்வாய்வு வேண்டிக்கொள்கிறது. வழக்கம்போல் பதில் வராது.

முடிவுகள்

பிடித்த பாட்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது சமவெளிக்காரர்களின் பழக்கம். இங்கே வரிசை மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன், ஜூலையில் 'லவ்லெஸ்' முதலிடம், மழையே வாசித்துக்கொள்ளும் என்பதால் ரீலோட் போடும் செலவும் இல்லை. மாசியில் 'டீன் ஏஜ் ரயட்', அதுவும் தப்புச் சத்தம் தூரத்தில் கேட்டால் மட்டும். மின்வெட்டுக் காலத்தில் ஸ்மித்ஸ். சம்பள நாளுக்கு முந்திய வாரம் முழுக்க 'எஞ்சாயி எஞ்சாமி'. ஏப்ரலில் வருஷப்பிறப்புக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்துவிடுவதால் சினிமாப் பாட்டு தவிர வேறு எதற்கும் இடமில்லை. அந்த மாதம் ஆய்வுக்கு விடுமுறை.

இம்முடிவுகளைப் பொகவந்தலாவைப் பக்கத்திலிருக்கும் சக ஆய்வாளர் ஒருவர் கடுமையாக மறுக்கிறார். 'லவ்லெஸ்' வெறும் இரைச்சல், நியூட்ரல் மில்க் ஹோட்டல் 1998இல் வெளியிட்ட 'இன் தி ஏரோபிளேன் ஓவர் த சீ' தொகுப்பே தலைசிறந்தது, அதில் ரம்பத்தைக்கூட வாத்தியமாக வாசித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ரம்பம் வாத்தியமாகலாம் என்றால் கவ்வாத்துக் கத்தியும் ஆகலாம், அதை ஒப்புக்கொள்கிறோம். மற்றபடி அவர் இருப்பது அஸ்பெஸ்டஸ் போட்ட வீடு. ஆகையால் அவரது கருத்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.